திரை அணைந்ததும் படிப்பு டைமர் நின்றுவிடுகிறது

படிக்கும்போது கவனம் சிதறாமல் இருக்க, பூனை வளர்க்கும் டைமர் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். 25 நிமிடம் படித்தால் பூனைக்கு ஒரு மீன், அப்புறம் 5 நிமிட இடைவேளை. இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

மூன்று வாரமாகச் சிக்கல். போனைக் கவிழ்த்து வைத்துப் படித்தால், திரை அணைந்து பத்து நிமிடத்துக்குள் டைமர் உறைந்துவிடுகிறது. மணியும் அடிப்பதில்லை. 40 நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் ‘இன்னும் 16 நிமிடம்’ என்று காட்டுகிறது, பூனையும் பட்டினி. சார்ஜில் போட்டிருந்தால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. திரையை அணையாமல் வைத்தாலும் ஓடும்; ஆனால் பூனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன், அது சரிவராது.

போனில் இருப்பது ஆண்ட்ராய்டு 14. ஒரு சிஸ்டம் அப்டேட் வந்த மறுநாளிலிருந்துதான் இப்படி. செயலியின் பேட்டரி அமைப்பைக் கட்டுப்பாடு இல்லாததாக மாற்றினேன். நோட்டிஃபிகேஷன், அலாரம் அனுமதிகள் இரண்டும் கொடுத்தாயிற்று. பேட்டரி சேவர் அணைத்தே இருக்கிறது. செயலியை நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்தேன். 61 நாள் தொடர் கணக்கு போனதுதான் மிச்சம். போனோடு வந்த கடிகாரச் செயலியின் டைமரோ பிழையில்லாமல் அடிக்கிறது.

திரை அணைந்த பிறகும் இந்தச் செயலி பின்னணியில் நிற்காமல் ஓட, வேறு எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?