தேவசகாயம் எபிரெயத்தில் எலெயாசாரா, எலியேசரா?

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து)

எங்கள் பங்கைச் சேர்ந்த சிலர் சனிக்கிழமை மாலைகளில் எபிரெயம் படித்து வருகிறோம். அடுத்த வாரத்திற்குள் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாரின் பெயர்களை எபிரெய வழக்கப்படி, ஆணுக்கு ‘இன்னார் பென் இன்னார்’ என்றும் பெண்ணுக்கு ‘இன்னார் பத் இன்னார்’ என்றும் (பென் என்றால் மகன், பத் என்றால் மகள்) எழுதி வரவேண்டும் என ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இந்த முறை புதிதன்று. பெயர்களை மாற்றுவதில்தான் சிக்கல். என் பெயர் சேவியர், அப்பா தேவசகாயம், அம்மா முத்தம்மாள், மகன் ஜெபின். அப்பாவின் பெயருக்கு அகராதியைப் பார்த்து எலியேசர் என்று எழுதினேன். உடன் படிப்பவர் ஒருவர் எலெயாசார்தான் சரி என்கிறார். எது பொருந்தும்? மற்ற மூன்று பெயர்களுக்கும் வழி உண்டா?

பதில் 1

உங்கள் தேர்வில் பிழையில்லை. இரண்டு பெயர்களிலும் ‘எல்’ என்பது கடவுளைக் குறிக்கிறது. எலெயாசாரில் அதன் பின் வருவது வினைச்சொல். ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். எலியேசரில் வரும் ‘ஏசெர்’ பெயர்ச்சொல். ‘என் கடவுளே சகாயம்’ என்று விரியும். தேவசகாயம் என்பதிலும் சகாயம் பெயர்ச்சொல்லாகவே நிற்பதால், சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் எலியேசரே நெருக்கமானது. எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு லாமெத் என்னும் எழுத்துக்குப் பின் வரும் ஒரே ஒரு யோத் எழுத்து. மற்றபடி ஆலெப், லாமெத், ஆயின், சாயின், ரேஷ் ஐந்தும் அப்படியே இருக்கும்.

முத்தம்மாளுக்குப் பெனின்னாள் என்று எழுதலாம். நாங்கள் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், குணசாலியான பெண்ணைப் பற்றிய நீதிமொழிகள் 31:10-இல் ‘முத்துக்கள்’ என்று வருமிடத்தில் மூலத்தில் இருப்பது ‘பெனீனிம்’. சாமுவேலின் தாய் அன்னாளை மனமடிவாக்கியவள் என்பதாலோ என்னவோ, நம் ஊரில் அந்தப் பெயரை யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. இஸ்ரேலிலோ ‘ப்னீனா’ வெகு சாதாரணமான பெயர்.

பதில் 2 (நாகர்கோவிலிலிருந்து)

முன்னவர் இலக்கணத்தைச் சரியாகச் சொன்னார். ஆனால் இந்தப் பெயர் அகராதியிலிருந்து நம் மாவட்டத்துக்கு வந்ததன்று. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, பின்னாளில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது எடுத்துக்கொண்ட பெயர் லாசர். அதன் தமிழாக்கமே தேவசகாயம். லாசர் என்பது கிரேக்கத்தின் வழியாக வந்த, எலெயாசாரின் குறுகிய வடிவம். ஆகவே இங்கே நீங்கள் ஒரு தமிழ்ப் பெயரை எபிரெயமாக்கவில்லை. முன்பே தமிழாக்கப்பட்ட எபிரெயப் பெயரை அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அருளப்பன் என்று பெயருள்ளவருக்கும் இதே கதைதான்: ‘யாவே அருள்கூர்ந்தார்’ என்னும் யோகானானே நம் முன்னோரிடம் அருளப்பர் ஆனார்.

சேவியருக்கு இந்த வழி செல்லாது. அது எபிரெயமுமன்று, ஆதியில் ஆட்பெயருமன்று. பிரான்சிஸ் சவேரியார் பிறந்த கோட்டையின் பெயர் அது. பாஸ்கு மொழியில் ‘புதிய வீடு’ என்று பொருள். நம் பேச்சில் சொல்வதானால் உங்கள் பெயர் ‘புத்தன்வீடு’. இந்த வீட்டுப்பெயரோடு நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் உண்டு! பொருளை அப்படியே மொழிபெயர்த்து ‘பயித் ஹதாஷ்’ என்று எழுதினால் ஆசிரியர் சிரித்துவிடுவார். ஒலியை வைத்து ‘த்ஸ்வி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மான் என்று பொருள். பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரான கோல்டா மேயர்சன் 1956-இல் தம் குடும்பப் பெயரை மேயிர் என்று மாற்றிக்கொண்டபோதும் ஒலியொற்றுமையே கைகொடுத்தது.

ஜெபின் போன்ற பெயர்கள், தாய் தகப்பன் பெயர்களின் எழுத்துகளைக் கோத்தும், காதுக்கு இனிமையாக இருப்பதாலும் நம் மாவட்டத்தில் வைக்கப்படுபவை. பொருள் தேடி அலைய வேண்டாம். ஒலிபெயர்த்து எழுதினால் போதும். எபிரெயத்தில் ‘ஜ’ இல்லாததால் ‘க’ ஒலிக்குரிய கிமெல் எழுத்தின் அருகே கெரெஷ் என்னும் சிறு கோட்டை இட வேண்டும். நடுவில் வரும் பேத் எழுத்தின் வயிற்றில் புள்ளி வைக்க மறந்தால் பையன் ‘ஜெவின்’ ஆகிவிடுவான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. புள்ளியை மறந்துதான் இருந்தேன், வைத்துவிட்டேன். நேற்றிரவு இரண்டு வடிவங்களையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டி, எலியேசரே இலக்கணப்படி நெருக்கமானது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், “காற்றாடிமலையில சுட்டுக் கொன்னது யாரை?” என்று மட்டும் கேட்டார். அழிப்பானை எடுத்து லாமெத்துக்குப் பின்னால் இருந்த யோத்தை அழித்துவிட்டேன். இப்போது தாளில் இருப்பது ‘த்ஸ்வி பென் எலெயாசார்’.