2000 புளோரிடா: அல் கோர் தோற்றது யாரால்?

மணிமுத்தாறு:
வணக்கம். அமெரிக்காவில் மூன்றாவது கட்சிக்கு வாக்களிப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 2000ஆம் ஆண்டுத் தேர்தல் நினைவுக்கு வருகிறது. அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலம்வாரியாக ஒதுக்கப்பட்ட தேர்வாளர் வாக்குகளின் பெரும்பான்மைதான். புளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகளையும் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் பெற்றது, ஜனநாயகக் கட்சியின் அல் கோரை 537 வாக்கு வித்தியாசத்தில் முந்தியதால். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ப் நேடருக்கு விழுந்தவை 97,488 வாக்குகள். நேடரின் வாக்காளர்களில் பாதிப்பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சிலர் புஷ்ஷுக்கே போட்டிருப்பார்கள் என்று எவ்வளவு விட்டுக்கொடுத்துக் கணக்குப் போட்டாலும், நூற்றுக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கோருக்கு வந்திருந்தால் போதும், முடிவு மாறியிருக்கும். நியூ ஹாம்ப்ஷயரிலும் இதே கதைதான். அங்கே புஷ் 7,211 வாக்கில் வென்றார். நேடர் பெற்றது 22,000க்கும் மேல். அந்தச் சின்ன மாநிலத்தின் 4 தேர்வாளர் வாக்குகள் கிடைத்திருந்தால், புளோரிடாவே இல்லாமல் கோர் அதிபராகியிருப்பார். நாடு முழுவதிலும் 5 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்ற ஒருவர் தோற்றதற்கு நேடர் பொறுப்பில்லை என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

தெற்குச்சாளரம்:
மணிமுத்தாறு அவர்களே, உங்கள் கணக்கில் பிழையில்லை. அதன் அடியில் கிடக்கும் எண்ணத்தில்தான் பிழை இருக்கிறது. அந்த 97,488 பேரின் வாக்கு கோருக்குச் சொந்தமானது, நேடர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பது போல எழுதுகிறீர்கள். வாக்கு வாக்காளருடையது. 537ஐக் காட்டிப் பழி சுமத்துவதென்றால், புளோரிடாவில் 562 வாக்குகள் பெற்ற சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சி வேட்பாளரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். அதே மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புஷ்ஷுக்கே வாக்களித்தார்கள் என்று வாக்குச்சாவடி வாசல் கணிப்புகள் காட்டின. அவர்களை ஏன் ஒருவரும் திட்டுவதில்லை?

கோர் தன் சொந்த மாநிலமான டென்னசியில் தோற்றார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் கீழவைக்கும் பிறகு செனட்டுக்குமாக அந்த மக்கள் 16 ஆண்டுகள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கிளின்டனும் அவரும் சேர்ந்து நின்ற 1992, 1996 இரண்டு தேர்தல்களிலும் அந்த மாநிலம் அவர்கள் பக்கம் இருந்தது. டென்னசியின் 11 தேர்வாளர் வாக்குகள் கிடைத்திருந்தால், புளோரிடாவில் யார் வாக்குச்சீட்டில் எந்த இடத்தில் துளையிட்டார்கள் என்று உலகம் கேட்டிருக்கவே வேண்டாம். நேடரின் ஆதரவாளர்களுக்கோ காரணங்கள் இருந்தன: வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம், 1996இல் ஏழைகளுக்கான உதவித் திட்டங்களை வெட்டிய சட்டம் போன்றவற்றால் வேலையையும் உதவித்தொகையையும் இழந்த மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்சியில் கோர் துணை அதிபராக இருந்தார். அந்தக் கேள்விகளை விவாத மேடையில் கேட்கக்கூட நேடருக்கு இடம் கொடுக்கவில்லை. அக்டோபர் 3 அன்று பாஸ்டனில் நடந்த முதல் விவாதத்தின்போது, பக்கத்து அரங்கில் பார்வையாளராக உட்காருவதற்குச் சீட்டைக் கையில் வைத்திருந்தும், அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

செங்கால்நாரை:
நான் குடியரசுக் கட்சிக்கு ஆதரவானவன் என்பது இங்கே பலருக்கும் தெரியும். இருவரும் கோர் தோற்றதற்குக் காரணம் தேடுகிறீர்கள். புஷ் வென்றார் என்ற வாக்கியத்தை மட்டும் உங்கள் வாய் சொல்ல மறுக்கிறது. புஷ்ஷின் முன்னிலை முதல் எண்ணிக்கையில் 1,784 வாக்குகள், எந்திர மறு எண்ணிக்கைக்குப் பிறகு முந்நூற்றுச் சொச்சம், சான்றளிக்கப்பட்டபோது 537 என்று எண் ஏறி இறங்கியதே தவிர, அதிகாரபூர்வமான எந்த எண்ணிக்கையிலும் கோர் ஒருமுறைகூட முன்னிலைக்கு வரவில்லை. அவர் கையால் எண்ணச் சொன்னது எங்கே? வொலூசியா, பாம் பீச், பிராவர்ட், மயாமி-டேட் ஆகிய நான்கு கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) மட்டும். நான்கும் அவருக்கு வாக்குகள் அதிகம் விழுந்த இடங்கள். ஒவ்வொரு வாக்கும் எண்ணப்பட வேண்டும் என்று தொலைக்காட்சியில் பேசிய அதே வாரத்தில்தான், வெளிநாட்டிலிருந்து வந்த படைவீரர்களின் அஞ்சல் வாக்குகளை எந்தெந்தக் காரணம் காட்டி மறுக்கலாம் என்று அவர் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் குறிப்பு எழுதி அனுப்பினார். அது வெளியே வந்து பெரும் எதிர்ப்பு எழுந்த பிறகுதான் கோரின் துணை அதிபர் வேட்பாளர் ஜோ லீபர்மன் தொலைக்காட்சியில் வந்து நிலைப்பாட்டைத் தளர்த்தினார்.

மறு எண்ணிக்கையை நிறுத்திய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5க்கு 4 என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கவுண்டிக்குக் கவுண்டி வெவ்வேறு அளவுகோலில் சீட்டுகளை மதிப்பிடுவது அரசியலமைப்பின்படி சிக்கலானது என்பதில் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் ஒத்துப்போனார்கள். பிளவு ஏற்பட்டது, அதற்கு என்ன பரிகாரம் என்பதில்தான்.

மணிமுத்தாறு:
பரிகாரம்தானே ஐயா முழு வழக்கும்! டிசம்பர் 8 அன்று புளோரிடா உச்ச நீதிமன்றம் மாநிலம் முழுவதும் எண்ணச் சொன்னது. மறுநாளே வாஷிங்டனிலிருக்கிற அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. டிசம்பர் 12 இரவு, இனி எண்ண நேரமில்லை என்று தீர்ப்பு வந்தது. எண்ணுவதை நிறுத்தியதும் அவர்கள்தான், நேரம் போய்விட்டது என்றதும் அவர்கள்தான். போதாக்குறைக்கு, இந்தத் தர்க்கம் தற்போதைய சூழ்நிலைக்கு மட்டுமே பொருந்தும் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதிக்கொண்டார்கள். முடிவுக்குச் சான்றளித்த மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், புளோரிடாவில் புஷ் பிரசாரக் குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவர். மாநில ஆளுநர் ஜெப் புஷ்ஷோ, ஜார்ஜ் புஷ்ஷின் சொந்தத் தம்பி. நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் இப்படி நடந்திருந்தால் நீங்கள் பொறுத்துக்கொண்டிருப்பீர்களா?

கற்பூரவல்லி:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேடர், கோர், ஹாரிஸ், நீதிபதிகள் என்று பெரிய பெயர்களைச் சுற்றியே பேச்சு போகிறது. வாக்குச்சீட்டைப் பற்றி யாராவது பேசுங்கள். பாம் பீச் கவுண்டியின் அந்தச் சீட்டினுடைய அச்சுப் பிரதியை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

புத்தகத்தை விரித்தது போல இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் வேட்பாளர் பெயர்கள் இருக்கின்றன. துளையிட வேண்டிய வரிசை நடுவில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. இடப்பக்கத்தில் முதல் பெயர் புஷ், அதற்கு நேராக எண் 3. இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் கோர். இரண்டாவது பெயர் என்றால் இரண்டாவது துளை என்றுதான் கை தானாகப் போகும். ஆனால் இரண்டாவது துளை, எண் 4, வலப்பக்கத்தின் முதல் பெயரான, சீர்திருத்தக் கட்சியின் வலதுசாரி வேட்பாளர் பேட் புக்கானனுடையது. கோருக்கு உரியது மூன்றாவது துளை, எண் 5. சின்னதாக அம்புக்குறி போட்டிருக்கிறார்கள் என்பது உண்மைதான். கண் மங்கிய 80 வயதுக்காரர், மங்கலான வெளிச்சத்தில், பின்னால் வரிசை காத்திருக்கும்போது அந்த அம்புக்குறியைப் பின்தொடர வேண்டும்.

ஓய்வு பெற்ற யூத முதியவர்கள் ஏராளமாக வாழ்கிற, கோர் பெருவாரியாக முன்னிலை பெற்ற அந்தக் கவுண்டியில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. புளோரிடாவின் வேறெந்தக் கவுண்டியும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை தனக்கானவையாக இருக்காது என்று புக்கானனே அந்த வாரம் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். இவை போக, தவறு செய்துவிட்டோம் என்று உணர்ந்து இரண்டாவது துளையும் போட்டவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட துளை விழுந்து செல்லாமல் போனவை அந்த ஒரு கவுண்டியில் மட்டும் 19,000 அளவில் இருந்தன.

ஜாக்சன்வில் நகரம் இருக்கிற டூவால் கவுண்டிக்கு வாருங்கள். அங்கே அதிபர் வேட்பாளர் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு ஓடியது. முன்கூட்டி வெளியான மாதிரிச் சீட்டோ எல்லாப் பக்கங்களிலும் வாக்களிக்கச் சொன்னது. சொன்னபடி பக்கத்துக்கு ஒன்றாகத் துளையிட்டவர்களின் சீட்டுகள் செல்லாதவையாயின, 20,000க்கும் மேல். அவற்றில் கணிசமான பகுதி கறுப்பின மக்களின் குடியிருப்புகளிலிருந்து வந்தது. புளோரிடாவில் கறுப்பின வாக்காளரின் சீட்டு நிராகரிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 2001இல் அறிக்கை கொடுத்தது. முதன்முறை வாக்களிக்க வந்தவர்களும், காலையிலேயே வரிசையில் நின்ற கிழவர்களும், நேடருக்கும் போடவில்லை, புஷ்ஷுக்கும் போடவில்லை. அவர்கள் வாக்களித்தார்கள், அது வாக்காக எண்ணப்படவில்லை. யாரால் தோற்றார் கோர் என்று கேட்கிறவர்கள் இவர்களைக் கடந்து போய்விடுகிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

செங்கால்நாரை:
அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாம் பீச் சீட்டை வடிவமைத்த தேர்தல் அதிகாரி தெரேசா லெபோர் அப்போது ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். முதியவர்களுக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் பெயர்களை இரண்டு பக்கமாகப் பரப்பினார். மாதிரிச் சீட்டு முன்னதாகவே வாக்காளர்களுக்கு அனுப்பப்பட்டது. எந்தக் கட்சியும் ஆட்சேபிக்கவில்லை. தவறு நேர்ந்தது, சதி நடக்கவில்லை. நேர்ந்த தவறுக்காக, வாக்காளர் மனதில் என்ன நினைத்தார் என்று ஊகித்து ஒரு வாக்கை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எந்தச் சட்டமும் இடம் தராது. பிராவர்டில் நீதிபதி ஒருவர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, துளையிட்ட இடத்தில் பாதி ஒட்டியும் பாதி தொங்கியும் கிடந்த காகிதத் துணுக்கை உற்றுப் பார்க்கும் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு நாட்டின் அதிபரை அப்படியா தேர்ந்தெடுப்பது?

பிறகு, 2001 நவம்பரில் வெளியான பெரிய ஆய்வையும் மறந்துவிடாதீர்கள். பத்திரிகைகள் கூட்டாகச் செலவழித்து, சிகாகோ ஆய்வு நிறுவனம் ஒன்றைக் கொண்டு 1,75,000 சீட்டுகளைப் பரிசோதித்தன. கோர் கேட்ட நான்கு கவுண்டிகளை எண்ணி முடித்திருந்தாலும் புஷ்தான் 225 வாக்கில் வென்றிருப்பார் என்று அதில் தெரிந்தது.

தெற்குச்சாளரம்:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லிவிடுங்கள். மாநிலம் முழுவதும் ஒதுக்கப்பட்ட எல்லாச் சீட்டுகளையும், வெறுமையாகக் கருதப்பட்டவற்றையும் இரட்டைத் துளை விழுந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எடுத்துக்கொண்ட அளவுகோலைப் பொறுத்து 60 முதல் 171 வரையான வாக்குகளில் கோர் வென்றிருப்பார். அவர் அதைக் கேட்டாரா? நவம்பர் 15 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, மாநிலம் முழுவதும் எண்ணலாம் வாருங்கள் என்று புஷ்ஷை அழைத்தார். புஷ் மறுத்ததும் அந்த யோசனையைக் கைவிட்டார். முறைப்படி மனுவாக எழுதிக் கேட்கவே இல்லை. தன் வழக்கறிஞர்கள் தவறான சீட்டுகளுக்குப் போராடியதற்கும் நேடர்தான் காரணமா, மணிமுத்தாறு?

மணிமுத்தாறு:
கோர் தரப்பின் உத்தி தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேடரை விட மாட்டேன். 2004இல் கட்சிக்கு அரசு நிதி கிடைக்க நாடு தழுவிய வாக்கில் 5 விழுக்காடு வேண்டும் என்பது அவருடைய இலக்கு. கலிபோர்னியா, நியூ யார்க், டெக்சஸ் போன்ற முடிவு முன்பே தெரிந்த மாநிலங்களில் மட்டும் பாடுபட்டு அதற்கு முயன்றிருக்கலாம். கடைசி வாரங்களிலும் ஊசலாடும் மாநிலங்களில் கூட்டம் போட்டார். கிடைத்தது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. கட்சிக்கு நிதியும் வரவில்லை, நாட்டுக்கு ஈராக் போர் வந்தது.

தெற்குச்சாளரம்:
அந்தப் போருக்கு அனுமதி வழங்கும் தீர்மானத்தை 2002இல் செனட்டிலிருந்த ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பான்மையோர் ஆதரித்தார்கள், லீபர்மன் உட்பட. நேடர் எதிர்த்தார். இதற்கு மேல் இதில் நான் பேசப் போவதில்லை.

கற்பூரவல்லி:
செங்கால்நாரை ஐயா, ஊகித்து வாக்கை மாற்றக் கூடாது என்று எழுதினீர்கள். ஊகமே தேவைப்படாத சீட்டுகளும் இருந்தன. ஒரு வேட்பாளருக்கு எதிரே குறியிட்டுவிட்டு, பட்டியலில் இல்லாதவர் பெயரை எழுதுவதற்காகக் கீழே விடப்பட்ட கோட்டில் அதே வேட்பாளரின் பெயரையும் சிலர் எழுதியிருந்தார்கள். எந்திரம் அதை இரண்டு வாக்கு என்று படித்துத் தள்ளிவிட்டது. கோருக்குக் குறியிட்டு, கோர் என்றும் எழுதியவர் யாருக்கு வாக்களித்தார் என்பதில் என்ன சந்தேகம்? வாக்காளரின் நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வாக்கு செல்லும் என்பது புளோரிடாவின் அப்போதைய சட்டமே.

செங்கால்நாரை:
அவற்றை எண்ணியிருக்க வேண்டும். புஷ்ஷின் பெயரை எழுதியவற்றையும் சேர்த்துத்தான். இதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அவை எண்ணப்படாததற்கு எங்கள் கட்சியைக் குறை சொல்ல முடியாது. கோர் கேட்கவில்லை, மாநில நீதிமன்றமும் எந்திரம் வெறுமை என்று ஒதுக்கியவற்றை மட்டும்தான் எண்ணச் சொன்னது.

கற்பூரவல்லி:
மாநில மறு எண்ணிக்கையை மேற்பார்வையிட்ட நீதிபதி டெர்ரி லூயிஸ், இரட்டைக் குறி விழுந்தவற்றையும் பார்க்கச் சொல்வது பற்றி யோசித்ததாகப் பின்னாளில் தெரிவித்தார். டிசம்பர் 9 சனிக்கிழமை காலை கவுண்டிகளில் சீட்டுக் கட்டுகளைப் பிரித்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பிற்பகலில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவைக் கேட்டு மனுப் போட்டவர் யார் என்பது வழக்கின் பெயரிலேயே முதலில் இருக்கிறது, ஐயா: புஷ் எதிர் கோர்.