எங்கள் பொடியின் பெயரிலேயே இன்னொருவர் விற்கிறார், என்ன செய்யலாம்?

வணக்கம். திருமங்கலத்தில் அம்மாவும் நானும் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு விற்கிறோம். எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் என்கிற சிறு தொழில் பதிவு இரண்டும் இருக்கிறது, பெயரையும் சின்னத்தையும் நம்முடையதாகப் பதியும் டிரேட்மார்க் இல்லை. இப்போது ஒருவர் எங்கள் பெயரிலேயே, அதே மஞ்சள் லேபிள், அதே உரல் உலக்கைப் படத்தோடு பாக்கெட் போட்டு உசிலம்பட்டி வரைக்கும் கடைகளில் கொடுக்கிறார். அதை வாங்கியவர்கள் பொடியில் சிக்கு வாடை வருகிறது என்று எங்களுக்குப் போன் போடுகிறார்கள். எள்ளைக்கூட கையில் தேய்த்துப் பார்த்து வறுக்கிற அம்மாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

விசாரித்த வரையில், பதிவு செய்யாத பெயருக்கும் முதலில் பயன்படுத்தியவர் 'பாஸிங் ஆஃப்' வழக்கு, அதாவது தன் சரக்கை நம்முடையது போலக் காட்டி விற்பவர் மீதான வழக்கு, போடலாம். அதற்காக 2019 முதல் உள்ள பில்கள், அச்சகத்து ரசீது, வாட்ஸ்அப் ஆர்டர்கள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். டிரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: பொடி 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29ஆம் வகுப்பு, எங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் 4,500 ரூபாய். சரி, அதைக் கட்டிவிடலாம்.

முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பவா, டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டுவிட்டு அனுப்பவா? பெயரோடு உரல் படத்தையும் சேர்த்துப் பதியலாமா, தனித்தனியாகவா? மதுரையில் இந்த வழக்குகளை நடத்துகிற வக்கீல் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அப்புறம், அவரைப் பெயர் சொல்லித் திட்டாமல், எங்கள் பாக்கெட் எது என்று வாடிக்கையாளர்களுக்குப் புரியவைக்க இன்ஸ்டாகிராமில் எப்படி எழுதலாம்? லேபிளையே மாற்றச் சொல்கிறார்கள் சிலர், எனக்கு மனசு வரவில்லை. இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் அவசியம் பதில் போடுங்கள்.