டிஎம்எல்எஸ் கிரவுன் கழன்றுவிட்டது: சிமென்ட் உலோகத்தில் ஒட்டவே இல்லை

கேள்வி:
கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு டிஎம்எல்எஸ் முறையில், அதாவது உலோகத் தூளை லேசரால் உருக்கி அச்சிட்ட கோபால்ட்-குரோமியம் கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை), மேலே பீங்கான். ரெசின் சிமென்ட் வைத்துப் பொருத்தினேன். சில வாரங்களில் கழன்றுவிட்டது. சிமென்ட் முழுவதும் பல்லின் மேல் இருக்கிறது. கிரவுனின் உட்புறம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருக்கிறது. செதுக்கிய பல்லின் உயரம் 3 மி.மீ.தான். வார்ப்புக் கிரவுன்களில் இப்படி நேர்ந்ததில்லை. அச்சு உலோகமே காரணமா?

பதில் (லேப் நுட்பர்):
உலோகத்தைக் குறை சொல்வதற்கு முன் உட்புறத்தை உருப்பெருக்கியில் பாருங்கள், டாக்டர். அச்சிட்ட பரப்பில் பாதி உருகிய தூள்மணிகள் ஒட்டியிருக்கும். சொரசொரப்பாகத் தெரிவதால் பிடிப்பு இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அவற்றில் பல உறுதியாக ஒட்டியவை அல்ல. பீங்கானைச் சூளையில் சுடும்போது கருத்த ஆக்சைடு படலமும் ஏறும். இரண்டையும் 50 மைக்ரான் அலுமினாத் தூளை, சுமார் 2 பார் காற்றழுத்தத்தில் பீய்ச்சி, அதாவது சாண்ட்பிளாஸ்ட் செய்து, நீக்க வேண்டும். உட்புறம் முழுவதும் ஒரே மங்கல் சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் பளபளப்பு இருந்தாலும் வேலை முடியவில்லை.

பதில் (பல் மருத்துவர்):
சிமென்ட் வைக்கும் முன் உட்புறத்தில் எந்த பிரைமர் (ஒட்டுதலுக்கு உதவும் திரவம்) தடவினீர்கள்?

கேட்டவர்:
செராமிக் பிரைமர். புட்டியில் சிலேன் என்று மட்டும் இருக்கிறது. சிங்க் பாஸ்பேட் சிமென்ட்டுக்கு மாறிவிடலாமா?

பதில் (பல் மருத்துவர்):
இதுதான் முதல் சந்தேகம். சிலேன் சிலிக்கா உள்ள பீங்கானுக்கானது. வெறும் உலோகத்தில் அதற்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. எம்டிபி (உலோகத்தையும் ரெசினையும் இணைக்கும் வேதிப்பொருள்) உள்ள பிரைமரோ சிமென்ட்டோ வேண்டும். அதன் பாஸ்பேட் முனை குரோமியம், கோபால்ட் ஆக்சைடுகளோடு பிணைகிறது. சாண்ட்பிளாஸ்ட் செய்த பின்னும் காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு தானாகவே உருவாகிவிடும், அது போதும்.

சிங்க் பாஸ்பேட் வேண்டாம். அது உலோகத்தோடு வேதிப்பிணைப்பு எதுவும் இல்லாமல், பல்லின் உயரத்தையும் சரிவையும் நம்பி நிற்கும் சிமென்ட். கடைவாய்ப்பல்லுக்கு 4 மி.மீ. உயரமாவது கேட்பது அதனால்தான். உங்களிடம் அது இல்லை.

வாயில் வைத்துப் பார்த்த பிறகு எச்சில் பட்ட உட்புறத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவாதீர்கள். அதன் பாஸ்பேட், எம்டிபி உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி சாண்ட்பிளாஸ்ட் செய்வதே நல்லது. தற்காலிக சிமென்ட்டில் யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) இருந்ததா என்றும் பாருங்கள். அது பல்லில் தங்கினால் ரெசின் சரியாக இறுகாது.

கேட்டவர்:
என் கிளினிக்கில் சாண்ட்பிளாஸ்ட் கருவி இல்லை. லேபில் செய்து அனுப்பினால் போதுமா?

பதில் (லேப் நுட்பர்):
முதலில் வாயில் பொருத்தம் பார்த்துவிட்டு அனுப்புங்கள், டாக்டர். சாண்ட்பிளாஸ்ட் செய்து, அல்ட்ராசானிக்கில் எத்தனாலில் கழுவி, உலர்த்தி, மூடிய டப்பாவில் திருப்பித் தருவோம். உட்புறத்தில் விரல் படாமல் அன்றே ஒட்டிவிடுங்கள்.