பெகாமகாபோவின் 378: ஆவணத்தில் எங்கே தேடுவது?

தாள்தேடி:
நவம்பர் 11 நினைவு நாளுக்காகப் பிள்ளைகளுக்கு, முதல் உலகப்போரில் கனடியப் படையில் ஸ்னைப்பராக (மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவராக) இருந்த பூர்வகுடி வீரர் பிரான்சிஸ் பெகாமகாபோ பற்றி ஒரு நாலு பக்கத் தாள் தயாரிக்கிறோம். எங்கே பார்த்தாலும் ஒரே வரிதான்: "378 பேரைச் சுட்டவர், 300 பேரைச் சிறைபிடித்தவர்." இந்த எண்களுக்கு மூல ஆவணம் உண்டா? அவருடைய பணிக்கோப்பை எப்படி எடுப்பது, எடுத்தால் முதலில் எந்தத் தாளைப் படிப்பது? இன்னொரு பூர்வகுடிப் படைவீரரான டாமி பிரின்ஸ் பற்றியும் அடுத்து எழுத விருப்பம். அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:
கோப்பை எடுப்பது சுலபம். கனடா நூலக, ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் "முதல் உலகப்போர் பணியாளர் கோப்புகள்" என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட கோப்புகளை ஸ்கேன் செய்யும் வேலை 2018-இல் முடிந்தது. பணம் கட்ட வேண்டாம், முழுக் கோப்பையும் பிடிஎஃப் ஆக இறக்கலாம். குடும்பப்பெயரைப் போட்டுத் தேடுங்கள். வராவிட்டால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள், அல்லது முதல் நாலைந்து எழுத்துகளோடு நட்சத்திரக்குறி போடுங்கள். பூர்வகுடியினரின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். படைப் பதிவெண் கிடைத்துவிட்டால் அதைக்கொண்டு தேடுவதே நம்பகமானது. அதிகாரிகளுக்கு மட்டும் பதிவெண் கிடையாது.

கோப்பில் பக்கங்கள் தேதிவரிசையில் இருக்காது. முதலில் அட்டெஸ்டேஷன் தாளை, அதாவது படையில் சேரும்போது நிரப்பிய படிவத்தைத் தேடுங்கள். முன்பக்கத்தில் பிறந்த இடம், பிறந்த தேதி, தொழில், நெருங்கிய உறவினர் முதலிய கேள்விகள், கீழே சத்தியப்பிரமாணம். பின்பக்கத்தில் உயரம், மார்பளவு, கண் நிறம், மதம், உடலில் உள்ள அடையாளங்கள். பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் கேட்கவில்லை. "தோற்றத்துக்கு இத்தனை வயது" என்றுதான் அந்தப் படிவமே சொல்கிறது. ஆகவே தாளில் உள்ள பிறந்த தேதியை மட்டும் வைத்து எழுதிவிடாதீர்கள். பெகாமகாபோவுக்கே 1889 என்றும் 1891 என்றும் இரண்டு ஆண்டுகள் புழக்கத்தில் உள்ளன.

அடுத்தது பி.103 என்ற "கேஷுவல்ட்டி ஃபார்ம்", வீரரின் காயம், மருத்துவமனை, இடமாற்றம் எல்லாம் பதிவான படிவம். கோப்பின் முதுகெலும்பு இதுதான், பெரும்பாலானோர் சறுக்குவதும் இதில்தான். இடது ஓரத்தில் உள்ள தேதி, அறிக்கை வந்த நாள். சம்பவம் நடந்த நாள் வலப்பக்கம் இடப்பெயருக்கு அருகில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே சில நாட்கள், சிலவேளை வாரங்கள்கூட இடைவெளி வரும். இடது தேதியை எடுத்து எழுதினால், காயப்பட்ட மனிதர் இன்னும் பதுங்குகுழியில் நிற்பதாகக் கதை போய்விடும்.

சுருக்கக்குறிகள்: டி.ஓ.எஸ். என்றால் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டார், எஸ்.ஓ.எஸ். என்றால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கம் என்றதும் இறப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மருத்துவமனைக்குப் போனாலும், வேறு பிரிவுக்கு மாறினாலும் அதே குறிதான். ஜி.எஸ்.டபிள்யூ. என்பது துப்பாக்கிக்காயம், ஆனால் குண்டுச்சிதறல் காயத்துக்கும் அதையே எழுதினார்கள்.

சம்பளத் தாள்களையும் ஒதுக்காதீர்கள். சாதாரணப் படைவீரருக்கு நாளொன்றுக்கு 1 டாலர், களப்படி 10 சென்ட். அதில் மாதாமாதம் யாருக்குப் பணம் அனுப்பினார் என்ற வரியில் குடும்ப விவரம் கிடைக்கும்.

வடகரை:
378-க்கு வருகிறேன். பணிக்கோப்பில் எத்தனை பேரைச் சுட்டார் என்று எழுத ஒரு கட்டமே இல்லை. ஸ்னைப்பரின் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு பார்வையாளர் சாட்சி வேண்டும். இவர் பெரும்பாலும் தனியாகப் போனவர் என்றே சொல்லப்படுகிறது. எனவே அந்த எண்ணை "இவர் பெயரில் சொல்லப்படுவது" என்று எழுதலாம், "நிரூபிக்கப்பட்டது" என்று எழுத முடியாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட உறுதியான விஷயம் இருக்கிறது. வீரச்செயலுக்கான மிலிட்டரி மெடலை மூன்று முறை பெற்றவர் அவர், அதாவது முதல் முறைக்கு ஒரு பதக்கமும் அடுத்த இரண்டு முறைக்கு அதன்மேல் இரண்டு பட்டைகளும். கனடியப் படையில் அப்படிப் பெற்றவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. அந்த மூன்றுக்கும் காரணத்தைப் பாருங்கள். முதலாவது, 1915-இல் ஈப்ர், ஃபெஸ்டூபெர், ஜிவான்ஷி சமர்களில் குண்டுமழைக்கு நடுவே செய்தி கொண்டுபோனதற்கு. இரண்டாவது, 1917 நவம்பரில் பாஷென்டேலில் வழிதவறிய மாற்றுப்படையைச் சரியான இடத்துக்குக் கூட்டிவந்ததற்கு. மூன்றாவது, 1918 ஆகஸ்ட் இறுதியில் ஓரிக்ஸ் பதுங்குகுழியில் தோட்டா தீர்ந்துகொண்டிருந்தபோது, இயந்திரத்துப்பாக்கிச் சூட்டுக்குள் வெளியே போய்த் தோட்டா எடுத்துவந்ததற்கு. மூன்றில் ஒன்றுகூடச் சுட்ட எண்ணிக்கைக்காகக் கொடுத்ததல்ல. என் பார்வையில் உங்கள் தாளின் முதல் பத்தி இதுவாக இருக்க வேண்டும்.

1915-இல் செய்ததற்கு 1916-இல் பதக்கமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மிலிட்டரி மெடலே 1916 மார்ச்சில்தான் உருவாக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் இந்தப் பதக்கத்துக்குப் பொதுவாகப் பெயர்ப்பட்டியல்தான் வரும், காரணம் வராது. காரணத்துக்கு ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளைத் தேட வேண்டும்.

கூடவே அவர் இருந்த 1-ஆம் பட்டாலியனின் போர் நாட்குறிப்பையும் திறந்து வையுங்கள், அதுவும் அங்கேயே ஸ்கேனாக உள்ளது. சாதாரண வீரரின் பெயர் அதில் அரிதாகவே வரும். ஆனால் பி.103-இல் உள்ள தேதியை எடுத்து அன்றைய பக்கத்தைப் பார்த்தால் மழையா, தாக்குதலா, ஓய்வா என்று தெரியும்.

தாள்தேடி:
மிக்க நன்றி. டாமி பிரின்ஸை அதே தளத்தில் தேடினேன், வரவில்லை. கனடிய மெய்நிகர் போர் நினைவகத்தின் இறந்தோர் பட்டியலிலும் பெகாமகாபோ, பிரின்ஸ் இருவரும் இல்லை.

பழஞ்சுவடி:
வராது. பிரின்ஸ் இரண்டாம் உலகப்போரிலும் கொரியாவிலும் போரிட்டவர். இரண்டாம் போரில் சேவையின்போது இறந்தவர்களின் கோப்புகள் மட்டுமே பொதுவில் திறந்திருக்கின்றன. உயிருடன் திரும்பியவர்களுக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் 1977-இல் இறந்தார், 20 ஆண்டு தாண்டிவிட்டது, எனவே உறவினர் அல்லாதவரும் கேட்கலாம். இறப்புக்கு ஆதாரம் இணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பதில் வர மாதக்கணக்காகும். இந்த நவம்பருக்கு நம்ப வேண்டாம்.

கனடிய மெய்நிகர் போர் நினைவகம் சேவையில் இறந்தவர்களுக்கானது. பெகாமகாபோ 1952 வரை வாழ்ந்தவர்.

வடகரை:
அந்த 1952 வரையுள்ள காலத்தை விட்டுவிடாதீர்கள். 1921-இல் ஒன்டாரியோவில் உள்ள பாரி ஐலண்ட் பூர்வகுடிச் சமூகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1925 வரை இருந்தார். நிலத்துக்காகவும் உரிமைக்காகவும் ஒட்டாவாவில் உள்ள கூட்டாட்சி அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தவர். 1933-இலிருந்து தலைவர்களின் கடிதங்கள் 'இந்தியன் ஏஜென்ட்' எனப்பட்ட, பூர்வகுடிச் சமூகத்தை மேற்பார்த்த அரசு அதிகாரி வழியாகவே போக வேண்டும் என்று விதி வந்தது. யார்மீது முறைப்பாடோ, அவர் கையாலேயே அந்த முறைப்பாடு போக வேண்டும்! மூன்று முறை பதக்கம் கொடுத்த நாடு அவருக்குச் செய்தது இது. பூர்வகுடியினர் 'இந்தியர்' என்ற தங்கள் சட்டத் தகுதியை இழக்காமல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்க 1960 ஆனது, அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்தக் கடிதப் போக்குவரத்து பணிக்கோப்பில் இருக்காது. அதே காப்பகத்தில் ஆர்.ஜி. 10 என்ற இந்தியர் விவகாரத் திணைக்களத் தொகுதியில் தேடுங்கள். ஆள் பெயரைவிட "பாரி ஐலண்ட்", "பாரி சவுண்ட் ஏஜென்சி" என்று போட்டால்தான் சிக்கும். பல தொகுதிகள் மைக்ரோஃபில்மை அப்படியே ஸ்கேன் செய்தவை, உள்ளே சொல்தேடல் வேலை செய்யாது. ரீல் எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். நாலு பக்கத் தாளில் ஒரு பக்கத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள்.