‘சேஃப் மோட்’: பாதுகாப்பா, பத்தியமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கணினி ஒழுங்காகத் தொடங்க மறுக்கும்போது நாம் நாடும் ‘சேஃப் மோட்’ என்பதற்குத் தமிழில் ‘பாதுகாப்பான முறை’, ‘காப்பு நிலை’, ‘கவ்வாத்து நிலை’ ஆகிய மூன்று சொற்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இலங்கை மலையகத்து ஹட்டனில் நெடுநாளாகக் கணினி கற்பித்தும் பழுது பார்த்தும் வருபவன் என்ற முறையில், முதல் இரண்டையும் நான் ஏன் ஏற்கவில்லை என்பதை ஓர் அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன்.

ஐப்பசி இடிமழைக் காலத்தில் ஒரு மாலை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முன்னாள் மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். விண்டோஸ் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்த வேளையில் மின்சாரம் போய்வந்ததால், அவருடைய மேசைக்கணினி தொடங்கும்போதே நின்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. நான் தொலைபேசியிலேயே வழி சொல்லி, இணைய இணைப்புடன் கூடிய ‘பாதுகாப்பான முறை’யில் அதைத் திறக்கவைத்தேன். மறுநாளும் அதே நிலையில் பார்க்க வேண்டியிருந்ததால், விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்ற உதவும் ‘எம்எஸ்கான்ஃபிக்’ சாளரத்தில் ‘சேஃப் பூட்’ பெட்டியில் சரி அடையாளம் இடச் செய்தேன். வேலை முடிந்ததும் அந்த அடையாளத்தை எடுத்துவிடுமாறு சொல்ல மறந்தது என் பிழை. மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் அழைத்து, “சத்தம் வர மாட்டேங்குது சேர், பிரிண்டரும் வேலை செய்யல” என்றார். நான்கு மூலையிலும் ‘சேஃப் மோட்’ என்று எழுதிய கறுப்புத் திரையில்தான் அத்தனை நாளும் வேலை செய்திருக்கிறார் என்பது பேச்சுக்கொடுத்தபோது தெரிந்தது. “பாதுகாப்பான முறைன்னுதானே சேர் சொன்னீங்க, அதான் பேங்க் வேலையெல்லாம் இதுலயே பார்த்துக்கிட்டேன்” என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நிலையில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களில் பல இயங்குவதே இல்லை. மாணவியிடம் குற்றமில்லை, சொல் அவரை அப்படி நம்பவைத்துவிட்டது.

ஆகவே, அந்த நிலையில் உண்மையில் நடப்பது என்ன என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லைத் தேட வேண்டும். விண்டோஸ் தன்னுடைய அடிப்படைச் சேவைகளையும், திரை, விசைப்பலகை, சுட்டி, வன்தட்டு போன்றவற்றுக்கு அவசியமான இயக்கிகளையும் (அந்தக் கருவிகளை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்களையும்) மட்டும் ஏற்றிக்கொண்டு மற்றதையெல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. திரைக்குக்கூடப் பொதுவான எளிய இயக்கியே கிடைப்பதால் எழுத்துகள் பெருத்துத் தெரியும். ஒலி எழாது, அச்சுப்பொறிச் சேவை தொடங்காது, இணைய இணைப்பையும் நாம் தனியாகக் கேட்டால்தான் தரும். இப்படித் திறக்கும் கணினி நன்றாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் வெளியே நிறுத்தப்பட்டவற்றில் ஒன்றில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். இங்கேயும் கணினி தடுமாறினால் வன்பொருளையோ விண்டோஸின் அடிப்படைக் கோப்புகளையோ சந்தேகிக்க வேண்டும். எதுவும் அழிக்கப்படுவதில்லை, எதுவும் குணமாக்கப்படுவதுமில்லை. நோய் எங்கே என்று கண்டுபிடிக்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பண்டாரவளை ஆசிரியை முன்வைத்த ‘கவ்வாத்து நிலை’ என்னைப் பெரிதும் கவர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேயிலைச் செடியைத் தண்டளவுக்கு வெட்டி நிறுத்தும் கவ்வாத்தைக் கண்டு வளர்ந்த எவருக்கும் அந்தப் படம் உடனே மனத்தில் விழும். ஆனால் கவ்வாத்தில் வெட்டிய கிளை வெட்டியதுதான். புதுத் துளிர்தான் வர வேண்டுமே தவிர, பழைய கிளை ஒட்டிக்கொள்ளாது. ‘சேஃப் மோட்’டிலோ கணினியை வழக்கம்போல் மீண்டும் தொடங்கினால் எல்லாம் இருந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. இந்தச் சொல்லைக் கேட்கும் பயனர் ‘என் கோப்புகள் போய்விடுமா?’ என்று அஞ்சுவார். தவிர, தமிழ்நாட்டில் ‘கவாத்து’ என்றால் படையினரின் அணிவகுப்புப் பயிற்சியையும் குறிக்கும் என்பதால் அங்குள்ள வாசகர் சற்றே திகைக்கக்கூடும்.

நான் முன்வைக்க விரும்பும் சொல் ‘பத்திய நிலை’. மஞ்சள் காமாலை கண்டவருக்கு எண்ணெயையும் மீனையும் நிறுத்தி, கஞ்சியும் மோரும் கொடுப்பதை எந்த வீட்டிலும் பத்தியம் என்றுதான் சொல்கிறோம். அது தற்காலிகமானது, உடம்பு தேறும்வரை மட்டும்தான். அந்தச் சாப்பாட்டை ‘பாதுகாப்பான உணவு’ என்று நினைத்து ஆயுள் முழுக்க உண்பார் யாருமில்லை. பத்தியம் முறிக்கும்போது உணவை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனிப்பதும் உண்டு. அண்மையில் நிறுவிய மென்பொருளை நீக்கிவிட்டு வழக்கமான முறையில் திறந்து பார்க்கும் நம் வேலையும் ஏறத்தாழ அதுதான்.

‘பத்தியம்’ வடமொழி வேரிலிருந்து வந்தது என்றும், செய்யுளைக் குறிக்கும் ‘பத்திய’த்தோடு குழம்பும் என்றும் கண்டி நண்பர் தனிமடலில் எழுதினார். வேர் எதுவாயினும் அடுப்படியில் புழங்கும் சொல்லுக்கு நுழைவுச்சீட்டு கேட்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். செய்யுளுக்குப் ‘பத்தியம்’ என்று சொல்வோர் இன்று அரிது. கணினி முன் அமர்ந்து அப்படிக் குழம்புவோர் அதனினும் அரிது.

நம் பகுதியில் பெரும்பாலான கணினிகளின் திரைப் பட்டியல்கள் (மெனு) ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. எனவே நாம் ஆக்கும் சொல் திரையில் தோன்றுவதைவிடத் தொலைபேசியில்தான் அதிகம் ஒலிக்கப்போகிறது. ‘கணினியைப் பத்தியத்தில் போடுங்கள்’, ‘பத்தியத்திலிருந்து எடுத்துவிடுங்கள்’ என்று பேச்சில் இயல்பாக வருகிறதா என்பதற்காகப் பின்வரும் குறிப்பை எழுதி வகுப்பில் வாசித்துப் பார்த்தேன்:

“உள்நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று வரிசையாகச் சென்று மீண்டும் ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பட்டியலில் 4 பத்திய நிலை, 5 இணையத்துடன் பத்திய நிலை, 6 கட்டளை வரியுடன் பத்திய நிலை. வன்தட்டுக்குப் பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் பூட்டு உள்ள கணினியானால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கக்கூடும், முன்கூட்டியே எடுத்துவையுங்கள். வேலை முடிந்ததும் பத்தியத்தை முறித்துவிடுங்கள்.”

பழைய கணினிகளில் செய்ததுபோல எஃப் 8 விசையைத் தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விண்டோஸ் 8 முதல் அந்த வழி இயல்பாக அடைக்கப்பட்டிருக்கிறது.

‘சேஃப் பூட்’ என்பதற்குப் ‘பத்தியத் தொடக்கம்’ பொருந்தும். ‘கிளீன் பூட்’ வேறு. அதில் விண்டோஸின் இயக்கிகளும் சேவைகளும் வழக்கம்போல் இருக்க, பிற நிறுவனங்களின் சேவைகளையும் தொடக்க நிரல்களையும் மட்டும் நாமே நிறுத்துகிறோம். அதற்கு இன்னும் என்னிடம் சொல் இல்லை.

கவ்வாத்தைக் கைவிடவும் எனக்கு மனமில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘ஸ்டார்ட்டப்’ பகுதியில் கணினியோடு கூடவே விழித்தெழும் தேவையற்ற நிரல்களை ஒவ்வொன்றாக முடக்குகிறோமே, அந்த வேலைக்கு ‘தொடக்கக் கவ்வாத்து’ என்று பெயரிடலாமா? அங்கே முடக்கியது நாமாக மீண்டும் அனுமதிக்கும்வரை திரும்புவதில்லை; தேயிலைக்குப்போல மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை போதாது, ஆறு மாதத்துக்கொருமுறையாவது வெட்ட வேண்டியிருக்கும் என்பது மட்டும்தான் வேறுபாடு. ஆசிரியையின் கருத்தை அறிய ஆவலாயிருக்கிறேன்.