புதிய வெர்னா: டர்போ டிசிடியா, ஐவிடியா?

வணக்கம். 2023-இல் முழுசா மாறி வந்த ஹூண்டாய் வெர்னா வைத்திருப்பவர்கள் உதவுங்கள். கடலூர்–புதுச்சேரி தினசரி ஓட்டத்துக்கு 160 பிஎஸ் (குதிரைத்திறன்) டர்போ டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்) வேண்டுமா, 115 பிஎஸ் ஐவிடி (படிகள் இல்லாமல் சீராக மாறும் ஆட்டோமேட்டிக் கியர்) போதுமா? புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஊர்ந்து நகரும்போது டிசிடி கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும், அதில்தான் சூடேறும். யாருக்காவது கிளட்ச் சூடு எச்சரிக்கை வந்ததா? எத்தனை நிமிட நெரிசலில்?

அதைவிட முக்கியம்: ஐந்து பேர் ஏறி, 528 லிட்டர் டிக்கியும் நிறைந்தால் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது? காலியாகவும் ஏற்றிய பிறகும், பின்சக்கர மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பில் அளந்து சொல்லுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2670 மி.மீ., உயரமான வேகத்தடையில் வயிறு தட்டுமோ என்றுதான் கவலை.

கடற்காற்றில் சைலன்சர் மூட்டு துருப்பிடித்திருந்தால் படமும் போடுங்கள்.